கதவைப் பிடித்தவர்

மெய்யியல் துறையின் கருத்தரங்க அறையில் திருட்டு நடந்தபோது பேராசிரியர் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார். பட்டப்பகல். விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அவருக்குக் கண்ணில் கோளாறு எதுவும் கிடையாது. சாம்பல் நிறச் சீருடை போட்ட இரண்டு பேர் உள்ளே வந்து, சுவரிலிருந்த பெரிய திரையைக் கழற்றினார்கள், ஒலிபெருக்கிகளை இறக்கினார்கள், கணினியை அதன் வயர்களோடு சுருட்டினார்கள். கடைசியாகத் தரையில் விரித்திருந்த கம்பளத்தில் கை வைத்தார்கள். பேராசிரியரின் நாற்காலி அந்தக் கம்பளத்தின் ஓரத்தில்தான் இருந்தது.

"சார், காலைக் கொஞ்சம் தூக்குங்க" என்றான் ஒருவன்.

அவர் தூக்கினார். கம்பளம் போனதும் காலைக் கீழே வைத்தார். திரை அகலமானது, கதவோ தானாக மூடிக்கொள்ளும் ரகம். இரண்டு பேரும் வாசலில் திணறுவதைக் கண்டு எழுந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மெதுவா, இடிச்சிடப் போறீங்க" என்றும் சொன்னார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் திரும்பி வந்து, விட்ட வரியிலிருந்து எழுதத் தொடங்கினார்.

அவர் எழுதிக்கொண்டிருந்தது தன் வாழ்நாள் புத்தகத்தின் கடைசி அத்தியாயம். அத்தியாயத்தின் தலைப்பு: 'காண்பது ஒரு செயல்.'

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து மெய்யியலாளர்கள் புலனறிவைப் பற்றிப் போட்ட சண்டைதான் அவருடைய துறை. அன்று அவர்கள் இரண்டு கட்சியாக நின்றார்கள். ஒரு கட்சி சொன்னது: உலகம் நம்மேல் வந்து பதிகிறது, மெழுகில் முத்திரை பதிவதுபோல, நாம் சும்மா இருந்தால் போதும். எதிர்க்கட்சி சொன்னது: வெளியில் இருக்கும் பொருள் கதவைத் தட்ட மட்டுமே செய்யும், எழுந்து வந்து திறப்பது ஆன்மாதான், அதன் கவனம் போகாத இடத்தில் கண் திறந்திருந்தாலும் காட்சி இல்லை, காட்சியை ஆன்மா தன்னிலிருந்தே உண்டாக்கிக்கொள்கிறது. பேராசிரியர் இந்த இரண்டாம் கட்சிக்கு உயிரையே எழுதிக் கொடுத்திருந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பார்வையார். யாரைப் பார்த்தாலும் யாரென்று தெரியாமல் புன்னகைப்பார் என்பதற்காகவும் அந்தப் பெயர்.

அதே அறையின் மறுகோடியில் சாய்வு நாற்காலியில் இன்னொரு பேராசிரியர் இருந்தார். அவர் முதல் கட்சி. அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் மெழுகார். மனசு ஒரு நல்ல மெழுகுப் பலகை, வந்ததை வந்தபடியே வாங்கிக்கொள்ளும், கூட்டவும் கூட்டாது குறைக்கவும் குறைக்காது என்று வகுப்புக்கு வகுப்பு சொல்லிக்கொண்டிருப்பவர். திருட்டு நடந்த நேரத்தில் அவர் அரைக்கண் மூடிய நிலையில் இருந்தார். அதைத் தூக்கம் என்று சொன்னால் கோபம் வரும். சாப்பாட்டுக்குப் பிறகான சிந்தனை என்பார்.

இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று போய் நெடுநாளாகியிருந்தது. துறைத்தலைவர் ஓய்வு பெறப் போகிறார், அடுத்த நாற்காலி இவருக்கா அவருக்கா என்ற கேள்வி வேறு நடுவில் தொங்கியது. ஆனால் துறையில் வெப்பக்கருவி உள்ள அறை அது ஒன்றுதான் என்பதால், கொள்கை எதிரிகள் இருவரும் குளிருக்குப் பயந்து ஒரே அறையில் குடியிருந்தார்கள்.

திருட்டைக் கண்டுபிடித்தது மாலை வகுப்புக்கு வந்த மாணவர்கள். "சார், திரை எங்க?" என்று கேட்டார்கள்.

பார்வையார் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "எந்தத் திரை?" என்றார்.

கல்லூரி முதல்வர் அம்மாள் தாமே இறங்கி வந்தார். வேதியியல்காரர், கண்ணால் பார்த்ததையும் இரண்டு தடவை சோதித்துப் பார்த்த பிறகே நம்புகிறவர். வெறும் சிமெண்டுத் தரையையும் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த நாலு ஆணிகளையும் பார்த்தார். பிறகு, இந்த வெறுமைக்கு நடுவே இரண்டு தீவுகள்போல உட்கார்ந்திருந்த இரண்டு பேராசிரியர்களைப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் எப்ப வந்தீங்க?"

"காலையிலிருந்து இங்கதான் இருக்கோம்" என்றார் மெழுகார்.

தாழ்வாரத்தில் கேமரா ஒன்று இருந்தது. சுண்ணாம்பு அடித்தபோது அதன்மேல் மாட்டிய பிளாஸ்டிக் பையை இன்னும் யாரும் எடுக்கவில்லை. ஆகவே சாட்சி என்று இருந்தது இந்த இரண்டு பேர் மட்டும்தான். முதல்வர் மெழுகாரின் பக்கம் திரும்பினார். மெழுகாருக்கும் அப்போதுதான் திரை போனதே தெரியும். ஆனால் வந்ததை வந்தபடி வாங்கும் பலகை ஒன்று தலைக்குள் இருக்கும்போது, ஒன்றும் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அவர் கண்ணை மூடிக் கொஞ்சம் தேடினார். உண்மையிலேயே ஏதோ கிடைத்தது. வாசலில் ஓர் உருவம், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

"தம்பி நின்னான்" என்றார். "கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னான். வெளியாளுங்க யாரோ சாமானைத் தூக்கிட்டுப் போனாங்க. ஏதோ பழுது பார்க்கக் கொண்டு போறாங்கன்னு நினைச்சேன்."

தம்பி என்பது துறையின் அலுவலக உதவியாளர். சாவி வைத்திருப்பவர், தேநீர் கொண்டு வருபவர், கதவு திறப்பவர். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். மெழுகாரைவிட மூத்தவர். ஆனாலும் முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தபோது யாரோ தம்பி என்று கூப்பிட்டதை அப்புறம் ஒருவரும் மாற்றவில்லை.

அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி வழிந்துகொண்டிருந்தது, வால்வை மூடப் போனேன் என்றார்.

"யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டார் முதல்வர்.

"மாடியை யாருங்கம்மா பார்க்கப் போறாங்க. தண்ணி தலைமேல விழுந்தாத்தான் நிமிர்ந்து பார்ப்பாங்க."

பதில் துடுக்காக இருப்பதாகக் கருதப்பட்டது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிச் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் தாழ்வாரத்தில் மெழுகார் பார்வையாரை வழிமறித்தார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவர் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தை: "உங்க கொள்கையில எனக்கு உடன்பாடு இல்ல. ஆனா இப்ப அது நல்லாத்தான் இருக்கு."

"எதைச் சொல்றீங்க?"

"விசாரணையில உங்களையும் கேப்பாங்க. நீங்க எழுதிட்டு இருந்தீங்க. கவனம் எழுத்துல. கவனம் இல்லாத இடத்துல காட்சி இல்ல. அதனால எதையும் பார்க்கல. அப்படித்தானே?"

"அப்படித்தான்" என்றார் பார்வையார். அது உண்மை என்றே அவர் அப்போது மனமார நம்பினார்.

"அதையே சொல்லிடுங்க. நான் பார்த்ததை நான் சொல்றேன், நீங்க பார்க்காததை நீங்க சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதாது."

பார்வையாருக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று. அதைவிட ஒரு படி மேலே போய், இந்தச் சம்பவத்தையே கடைசி அத்தியாயத்துக்கு எடுத்துக்காட்டாகப் போடலாமே என்ற எண்ணமும் வந்தது. ஒரு மனிதன் கண்முன்னே ஓர் அறையே காலியாகிறது, அவன் ஆன்மா அந்தப் பக்கம் திரும்பாததால் அவனுக்கு அது நடக்கவே இல்லை. இதைவிடப் பெரிய நிரூபணம் வேண்டுமா? ஒரு மனிதரின் வேலை போய்க்கொண்டிருக்கிறது என்பதன் பக்கமும் அவருடைய ஆன்மா திரும்பவில்லை.

வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். மனைவி பல் மருத்துவர். நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாதவர்களோடு பழகியவர் என்பதால், வீட்டில் பேசுகிறவர்களைக் கேட்பதில் பொறுமை அதிகம். சொத்தைப் பல்லை ஊசியால் தட்டித் தட்டிப் பார்ப்பதுபோலத்தான் கேள்வியும் கேட்பார்.

"ஒண்ணுமே தெரியலையா?"

"ஒண்ணுமே இல்ல. ஆன்மா அங்க இல்லைன்னா கண்ணு வெறும் ஜன்னல்தான்."

"கம்பளமும் போச்சுன்னீங்களே. நீங்க அதுமேலதானே உட்கார்ந்திருப்பீங்க?"

"ஓரத்துல."

"அப்போ கால்?"

"கால் என்ன கால்?"

"உங்க கால் கம்பளத்துமேல இருந்திருக்கும். எப்படி உருவினாங்க?"

பார்வையார் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடியே யோசித்தார். "தூக்கினேன்" என்றார்.

"ஏன் தூக்கினீங்க?"

"தூக்கச் சொன்னாங்க."

"யார் சொன்னாங்க?"

"யாரோ. தொண்டை கட்டின குரல்."

"ம். அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல."

"நல்லா யோசிங்க." 'இங்க வலிக்குதா?' என்று கேட்கிற தோரணையில் அவர் புருவத்தை உயர்த்தினார்.

"கதவு" என்றார் பார்வையார்.

"கதவு?"

"அது தானா மூடிக்கும். அவங்களால முடியல. பிடிச்சேன்."

"யார் பிடிச்சது?"

"நான்தான்."

மனைவி தட்டை நகர்த்தி வைத்தார். "உங்க மெழுகுக்காரர், கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னது அந்தத் தம்பின்னு தானே சொல்லியிருக்கார்?"

"ஆமா."

"அவர் பார்த்தது உங்களை."

இது பார்வையாருக்குச் சட்டென்று ஏறவில்லை. ஏறியதும் முதலில் வந்தது மனத்தாங்கல்தான். "என்னைப் போய்த் தம்பின்னு நினைப்பாரா? இத்தனை வருஷமா எதிர் எதிர்ல உட்கார்ந்திருக்கோம்."

"ஏன், அந்த மனுஷனுக்கு என்ன குறைச்சல்? உங்களைவிட முடி அதிகம். அந்தத் துறையில கதவைத் திறக்கிறது எப்பவும் ஒரே ஆளு. கதவுகிட்ட ஒரு உருவம் தெரிஞ்சா மூஞ்சியைத் தேடவா போறார்? பழக்கத்துல ஒட்டி வச்சிட்டார்."

பார்வையாரின் கண் பளபளத்தது. "அப்போ அவர் மனசு மெழுகு இல்ல. உள்ளேயிருந்து உருவத்தை உண்டாக்கியிருக்கு. என் கட்சி ஜெயிச்சுது பார்."

"அது சரி. கவனிக்காம உங்க காலைத் தூக்கினது யாரு?"

பார்வையார் கரண்டியைக் கீழே வைத்தார். கவனம் போகாத இடத்தில் காட்சி கிடையாது என்பது அவருடைய புத்தகத்தின் முதுகெலும்பு. கவனமே போகாமல் கேட்டது, புரிந்தது, கால் உயர்ந்தது, கதவு பிடிக்கப்பட்டது, இடிக்காதீங்க என்று அக்கறையாக வாய் வேறு பேசியிருக்கிறது என்றால், அந்த முதுகெலும்பு கழன்றுவிடும்.

"நாளைக்குப் போய் உள்ளதைச் சொல்லிடுங்க" என்றார் மனைவி.

"பார்க்கலாம்" என்றார் பார்வையார். அந்தச் சொல்லை அவர் வேறு எந்தச் சமயத்திலும் இவ்வளவு அசட்டையாகப் பயன்படுத்தியதில்லை.

உண்மையில் அவர் காலையில் எழுந்து ஒரு வாக்குமூலத்தைத் தயார் செய்தார். 'சம்பவ நேரத்தில் எனது கவனம் வேறொரு பொருளில் முழுமையாக ஈடுபட்டிருந்த காரணத்தால், புலனறிவு என்று முறையாகச் சொல்லத்தக்க எதுவும் என்னிடத்தில் நிகழவில்லை.' ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். முறையாகச் சொல்லத்தக்க என்ற இடத்தில் எல்லாவற்றையும் ஒளித்து வைத்திருந்தார்.

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. நீள மேசையின் தலைமாட்டில் முதல்வர் அம்மாள். அவர் பக்கத்தில் சட்டத்துறை ஆசிரியர், மெலிந்த மனிதர், எதைக் கேட்டாலும் பேனாவை மூடித் திறக்கும் வழக்கமுள்ளவர். ஒரு பக்கம் பேராசிரியர்கள் இருவரும். எதிரே தனியாகப் போட்ட நாற்காலியில், இஸ்திரி போட்ட சட்டையோடு தம்பி. இந்த அறைக்கு எத்தனையோ தடவை தேநீர் கொண்டு வந்திருக்கிறார். உட்காருவது இதுதான் முதல் தடவை. அதனால் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

மெழுகார் முதலில் பேசினார். உருவம் தெளிவாகத் தெரிந்தது என்றார். சட்டத்துறை ஆசிரியர் பேனாவைத் திறந்தார்.

"அது இவர்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"பதிஞ்சிருக்கு. நான் எதையும் சேர்க்கல. உள்ளதை அப்படியே படிக்கிறேன்."

"படிங்களேன்."

மெழுகார் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடினால்தான் அவருக்கு நன்றாகத் தெரியும். "நடுத்தர உயரம். கூன் போட்ட முதுகு. உச்சந்தலையில வழுக்கை."

எல்லோரும் தம்பியின் தலையைப் பார்த்தார்கள். அங்கே முடி எண்ணெய் வைத்து, படிய வாரி, அடர்த்தியாக இருந்தது.

"வெளிச்சம் அப்படி விழுந்திருக்கலாம்" என்றார் மெழுகார், கண்ணைத் திறக்காமலே. "சட்டை வெளிர்நீலம். பொத்தானை மாத்திப் போட்டிருந்தான், ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நின்னுது. கழுத்துல ஒரு பழுப்பு மஃப்ளர், நூல் பிரிஞ்சு தொங்குது."

முதல்வர் அம்மாளின் பார்வை மெல்ல நகர்ந்து பார்வையாரின் கழுத்தில் போய் நின்றது. அங்கே ஒரு பழுப்பு மஃப்ளர், நூல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. சட்டத்துறை ஆசிரியரும் அதைப் பார்த்தார். தம்பியும் பார்த்தார். ஆனால் அவர் அதைத் தினமும் பார்க்கிறவர் என்பதால் ஆச்சரியப்படவில்லை. பார்வையார் மஃப்ளரின் நுனியை மெதுவாக எடுத்துச் சட்டைக்குள் சொருகிக்கொண்டார்.

அப்போதுகூட அவர் வாயைத் திறக்கவில்லை. இதை அவர் பக்கம் நின்று எவ்வளவு பேசினாலும் மறைக்க முடியாது. எதிரே ஒரு மனிதர் வேலையை இழக்க உட்கார்ந்திருந்தார். பார்வையாரோ வாக்குமூலத்தின் முதல் வரியை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

"முகம்?" என்று கேட்டார் சட்டத்துறை ஆசிரியர்.

"முகம் நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் மெழுகார். அவர் உற்சாகமாகிவிட்டார். "ஒரு மந்தமான மூஞ்சி. வாய் லேசாத் திறந்திருக்கு. உள்ள ஒரு யோசனையும் ஓடாத ஆளுக்குத்தான் அப்படி ஒரு மூஞ்சி இருக்கும். காலி வீடு மாதிரி."

"நான் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் பார்வையார்.

குரல் அவரை அறியாமலே உயர்ந்துவிட்டது. சட்டத்துறை ஆசிரியரின் பேனா பாதியில் நின்றது. மெழுகார் கண்ணைத் திறந்தார்.

"யாரு?" என்றார் முதல்வர்.

"நான். கதவுகிட்ட." பார்வையாருக்கு இனி பின்வாங்க வழியில்லை. ஆனால் அவரை முன்னால் தள்ளியது நியாயம் அல்ல, காலி வீடு என்ற வார்த்தை. "வாழ்க்கையிலேயே கஷ்டமான ஒரு பத்தியை யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அந்த நேரத்துல வாய் திறந்திருந்தா அதுக்குப் பேர் மந்தம் இல்ல."

"கதவைப் பிடிச்சது நீங்களா?"

"நான்தான். காலையும் தூக்கினேன். கம்பளம் எடுக்கிறதுக்காக. இவர் அங்க இல்லவே இல்ல." தம்பியின் பக்கம் கையைக் காட்டினார். "இந்தப் பெரியவர் தூங்கிட்டு இருந்தார்" என்று மெழுகாரின் பக்கமும் காட்டினார்.

"நான் தூங்கல."

"குறட்டை விட்டீங்க. திரையைக் கழட்டினவன் கத்திப் பேச வேண்டியதாப் போச்சு."

"குறட்டை கேட்டுச்சுன்னா உங்க கவனம் எங்க இருந்துது? எழுத்துலதானே இருந்துதுன்னு புத்தகம் போடறீங்க?"

"நீங்க என்னைப் பார்த்துட்டு அவரைப் பார்த்தேன்னு சொன்னீங்களே, அது எந்த முத்திரை? எந்த மெழுகு?"

இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். வேறொரு காலமாக இருந்தால் இந்தச் சண்டையை ஒரு மேடையில் வைத்து, இரண்டு பக்கமும் நூறு பேரை உட்கார வைத்திருப்பார்கள். ஒருவர், மனம் எதையும் உண்டாக்காது என்று எழுதியவர். ஒரு மனிதரையே உண்டாக்கி வாசலில் நிறுத்தியிருந்தார். மற்றவர், கவனியாமல் எதுவும் உள்ளே வராது என்று எழுதியவர்; குறட்டைச் சத்தம்வரை ஒன்றுவிடாமல் உள்ளே வந்திருந்தது. தாங்கள் எதிராளியின் கட்சியை நிரூபித்துக்கொண்டிருப்பது இருவருக்குமே உறைக்கவில்லை.

முதல்வர் அம்மாள் மேசையைத் தட்டினார். "உட்காருங்க ரெண்டு பேரும்." பிறகு தம்பியைப் பார்த்தார். "உங்களுக்குச் சாவி இன்னிக்கே கிடைக்கும். நடந்ததுக்கு வருத்தப்படறோம். நீங்க எதாவது சொல்லணுமா?"

தம்பி எழுந்தார். "ஒரே ஒரு வேண்டுகோள் அம்மா. கணக்குத் துறைக்கு மாத்திடுங்க."

"ஏன், அங்க வேலை அதிகமாச்சே?"

"இருக்கட்டும். அவங்க எண்ணியாவது பார்ப்பாங்க."

முதல்வர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சரி என்றார்.

அதற்குப் பிறகு நடந்தவை நியாயம் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. திருடர்கள் அகப்படவில்லை. துறைத்தலைவர் நாற்காலி மெழுகாருக்குக் கிடைத்தது. தவறோ சரியோ, பேசினால் உறுதியாகப் பேசுகிறார், நிர்வாகத்துக்கு அதுதான் வேண்டும் என்றார்கள் தேர்வுக் குழுவினர். அவர் தன் தோல்வியையும் ஒரு கட்டுரையாக ஆக்கிவிட்டார். புலன் பொய் சொல்லவே இல்லை. வழுக்கை, மஃப்ளர், பொத்தான் எல்லாமே அச்சுப் பிசகாமல் பதிந்திருந்தன. பெயர் ஒட்டும்போதுதான் தீர்ப்பு வழுக்கியது. ஆகவே மெழுகுக்குக் களங்கமில்லை. கட்டுரையில் தம்பி என்ற பேச்சே வரவில்லை. 'மூன்றாம் நபர்' என்று வந்தது.

திருடர்களுக்குக் கதவு திறந்துவிட்ட குற்றத்துக்காகப் பார்வையாரை ஒரு பாதுகாப்பு விழிப்புணர்வுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் இளம் பயிற்சியாளர், அறிமுகம் இல்லாதவர்களைக் கண்டால் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். பார்வையார் தலையாட்டிக்கொண்டே, அந்த நேரத்தில், புத்தகத்துக்கு ஒரு நீண்ட அடிக்குறிப்பை மனதிலேயே எழுதி முடித்தார். காலைத் தூக்கும் ஆன்மா வேறு, தூக்கினோம் என்று அறியும் ஆன்மா வேறு என்று அதில் பிரித்துக் காட்டியிருந்தார். முதுகெலும்பு தப்பியது. பதிப்பகத்தார் அடிக்குறிப்பைப் படித்துவிட்டு, மிக நுட்பம், ஆனால் எழுத்தைச் சிறிதாக்கிப் போடுகிறோம் என்றார்கள்.

ஆனால் கல்லூரியில் அவருக்குத் திடீரென்று ஒரு நல்ல பெயர் வந்துவிட்டது. தன் மானத்தைப் பார்க்காமல் ஓர் ஏழை ஊழியரைக் காப்பாற்றினார் என்று பேசிக்கொண்டார்கள். மாணவர்கள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். பார்வையார் முதலில் கூச்சப்பட்டார். பிறகு பழகிக்கொண்டார். அதன் பிறகு, அப்படித்தான் நடந்தது என்று அவருக்கே தோன்றத் தொடங்கியது. வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி, "எல்லாரும் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவும் கையுறையைக் கழற்றிப் போட்டார்.

"அந்த மனுஷனைப் போய்ப் பார்த்தீங்களா?" என்று பிறகு கேட்டார்.

"யாரை?"

மனைவி திரும்பி அவரைப் பார்த்தார். யாரை என்று பார்வையாருக்கும் புரிந்துவிட்டது.

அடுத்த நாள் பார்வையார் கணக்குத் துறைக்குப் போனார். அந்தக் கட்டடத்துக்குள் அவர் அதுவரை கால் வைத்ததில்லை. தம்பி தாழ்வாரத்துக் கோடியில், சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி மின்கலம் மாற்றிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட வேண்டும். தம்பி என்று கூப்பிட இப்போது நாக்கு வரவில்லை. வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. தொண்டையைச் செருமினார்.

"வாங்கய்யா" என்றார் தம்பி. "வழி தவறிட்டீங்களா?"

"இல்ல, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

தம்பி கடிகாரத்தைக் கீழே வைத்தார். தன்னை இவர் நீங்கள் என்று சொன்னதைக் கவனித்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"அன்னிக்கு நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார் பார்வையார். "அந்த மஃப்ளரைப் பத்திப் பேசினப்பவே. சொல்லல. மன்னிச்சுக்கணும்."

அவர் உண்மையாகவே சொன்னார். அது தம்பிக்கும் தெரிந்தது. தம்பி கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறவர்போல, தணிந்த குரலில் பேசத் தொடங்கினார். வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பின அன்றைக்கு வீட்டுக்குப் போனது, மருமகனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றது, உள்ளேயிருந்து மகள் வந்து கேட்டது.

பார்வையார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார். இடது புருவத்துக்கு மேல் ஒரு பழைய வெட்டுத் தழும்பு இருந்தது. பேசும்போது உதடு ஒரு பக்கமாகக் கோணியது. இதோ, ஆன்மா எழுந்து வெளியே வந்து ஒரு பொருளைச் சந்திக்கிறது என்று நினைத்தார். இதுதான் அது, இந்தத் தருணத்தையே முன்னுரையின் தொடக்கமாக வைத்தால் எப்படி இருக்கும்? 'நான் ஒரு முகத்தை முதன்முதலாகக் கண்டேன்' என்று ஆரம்பிக்கலாம். இல்லை, கண்டேன் வேண்டாம், காணச் செய்தேன். அதுவும் சரியில்லை. முகம் என்னைக் காண அழைத்தது, நான்...

"...அதனாலதான் அவங்க அப்படி முடிவெடுத்துட்டாங்க" என்று தம்பி முடித்தார்.

"அடடா" என்றார் பார்வையார்.

தம்பி அவரைப் பார்த்தார். பிள்ளைகள் வகுப்பில் ஆசிரியர்களை எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை வாசலில் நின்று வருஷக்கணக்காகப் பார்த்தவர் அவர்.

"நான் என்ன சொன்னேன்ங்கய்யா?"

"முடிவெடுத்துட்டாங்கன்னு சொன்னீங்க."

"யாரு?"

பார்வையார் மஃப்ளரின் நுனியைச் சுருட்டினார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். "இந்தத் தடவை கேக்கறேன்."

"வேண்டாங்க. பெருசா ஒண்ணுமில்ல." தம்பி கடிகாரத்தை எடுத்துச் சட்டைக்கையால் துடைத்தார். குரலில் கோபமில்லை, கோபப்படுகிற அளவுக்கு எதிர்பார்ப்பும் இருக்கவில்லை. "உள்ள பரீட்சைத்தாள் கட்டணும். வரேன்."

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் மனைவி கேட்டார். "பார்த்தீங்களா?"

"பார்த்தேன். மன்னிப்பும் கேட்டேன். ரொம்ப நேரம் பேசினார்."

"வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"சொன்னார்."

"என்ன சொன்னார்?"

பார்வையார் தட்டில் எதையோ தேடுபவர்போலக் குனிந்துகொண்டார். மனைவி காத்திருந்தார். பல்லைப் பிடுங்க வேண்டுமா, விட்டுவிடலாமா என்று நோயாளியின் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிற பழக்கம் அவருக்கு உண்டு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுந்து தன் தட்டைக் கழுவப் போனார்.